பிணைநிரலைப் பொறி எழுதட்டும். நெறியை நாம் எழுதுவோம்

(நிரலாக்கம் பயில்வோர்க்கான தமிழரங்கொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தரப்பெற்ற தலைப்பு, 'சாவா மொழியில் எழுதப்பெற்ற நிரல் நூலகங்களை ஆர் மொழியோடு இணைக்கும் பிணைநிரலைப் பொறியைக் கொண்டே ஆக்குவது எங்ஙனம்?' என்பதாகும். தலைப்பு சிறிது கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால், அதன் உள்ளீடு எளியது. இரண்டு நிரல்மொழிகள் தத்தம் இயல்பில் நின்று இயங்குங்கால், இடையே நின்று ஒன்றன் வேண்டுகோளை மற்றொன்றற்கு உணர்த்தி, அதன் விடையை மீட்டுக் கொணரும் சிறு நிரலே பிணைநிரல். அது தானே எந்தக் கணக்கையும் போடுவதில்லை; எந்தப் புதுமையையும் காண்பதில்லை. அதனாலேயே அதனை இழிந்த பணியெனக் கருதிக் கடைசி நாளில் கைபோன போக்கில் எழுதிவிடுவோர் பலர். அக்கருத்துத் தவறானது என்பதையும், அத்தவற்றுக்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதையும் எடுத்துக் காட்டவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

இரு மொழிகளின் இயல்பு

முதற்கண் இவ்விரு மொழிகளின் பிறப்பையும் பண்பையும் அறிந்து கொள்வோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சான் சேம்பர்சும் அவர்தம் உடன்பணியாளரும் 1976-இல் எசு எனும் புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதன் வழியில் வந்ததே ஆர் மொழி. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இராசு இகாக்கா, இராபர்ட்டு சென்டில்மன் எனும் இருவர் அதனை ஆக்கினர். இருவர் பெயரின் முதலெழுத்தும் ஆர் என்பதே. 1993-இல் அது வெளியுலகிற்கு அறிவிக்கப்பெற்றது. 1995-இல் கட்டற்ற மென்பொருளாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிப்பிரவரி 29-ஆம் நாள் 1.0.0 எனும் பதிப்பெண்ணோடு வந்தது.

சாவா மொழியோ சன் மைக்குரோசிசுட்டம்சு நிறுவனத்தில் சேம்சு காசுலிங்கு என்பாரின் தலைமையில் உருவாகி, 1995-இல் வெளிவந்தது. நம் முன்னோர் சாவகம் என வழங்கிய தீவில் விளையும் குளம்பியை ஒட்டி அதற்கு அப்பெயர் வாய்த்தது.

ஆர், புள்ளியியலார் தம் கையால் தம் பணிக்கெனச் செய்துகொண்ட மொழி. அதற்கு ஒற்றை எண் என்பதே கிடையாது. ஓர் எண்ணும் அதற்கு ஓர் உறுப்புடைய வரிசையே. வரிசையின் முதல் உறுப்பை அது 1 என எண்ணும். 'இவ்விடத்துச் செய்தி கிடைக்கவில்லை' என்பதனைக் குறிக்கத் தனிக்குறி ஒன்று அதன்கண் உண்டு. சாவா, பெருங்கட்டமைப்புகளை எழுப்புவார்க்கென அமைந்த மொழி. அதன்கண் ஒவ்வொரு மாறியின் வகையும் நிரல் ஓடுமுன்னரே உறுதிப்பட்டிருக்க வேண்டும். ஒற்றை எண் வேறு, எண்வரிசை வேறு. வரிசையின் முதல் உறுப்பு 0. முழுவெண் வகையில் 'கிடைக்கவில்லை' என்னும் குறிக்கு அதன்கண் இடமில்லை.

இவ்விரண்டில் எது உயர்ந்தது என்னும் பேச்சு ஈண்டு வேண்டா. விரிதாள்களைப் படிக்கும் அப்பாச்சி பி.ஓ.ஐ. நூலகம், வேதியியல் மூலக்கூறுகளை ஆயும் சி.டி.கே. நூலகம், இயற்கை மொழியை ஆயும் ஓப்பன் என்.எல்.பி. நூலகம் எனப் பல்லாண்டு உழைப்பின் விளைவுகள் சாவாவில் உள்ளன. அவற்றை ஆரில் மீண்டும் எழுதுவது வீண்பணி. பழைய பிழைகளைப் புதிதாகச் செய்வதற்கும் வழி. எனவேதான் பாலம் வேண்டியுள்ளது.

பாலத்தின் அடித்தளம்

சாவா தனக்கெனக் கற்பிக்கப்பெற்ற ஒரு மெய்நிகர்ப் பொறிக்குள் இயங்குவது. வெளியிலிருந்து அதனை அழைப்பதற்குச் சேஎன்ஐ எனச் சுருக்கமாக வழங்கும் இடைமுகம் உண்டு. அதனைச் சி மொழியின் வழியாக ஆரோடு இணைத்து, சைமன் அர்பனெக்கு என்பார் ஆக்கிய தொகுப்பே ஆர்சாவா. ஆர் நிரலுக்குள்ளேயே சாவாப் பொறியைத் தொடங்கவும், சாவாப் பொருள்களைப் படைக்கவும், அவற்றின் செயன்முறைகளை அழைக்கவும் அது துணைசெய்கிறது.

அதன்கண் சேகால் எனும் செயற்கூறு ஒன்றுண்டு. எந்தப் பொருள், என்ன வகை விடை, எந்தச் செயன்முறை, எவ்வெவ் உள்ளீடுகள் என நான்கையும் அதற்கு உரைத்தல் வேண்டும். விடைவகையை ஓரெழுத்தால் குறிப்பர். முழுவெண்ணுக்கு ஐ, இரட்டைத் துல்லிய எண்ணுக்கு டி. நெடிய முழுவெண்ணுக்கு எல் என்பதே இயல்பாக இருந்திருக்கும்; ஆயின் அவ்வெழுத்து வகுப்புப் பெயர்களின் முற்குறியாகிவிட்டமையால் சே என்பதே குறியாயிற்று. மெய் பொய் வகைக்கு இசட்டு. எசு எனும் எழுத்தோ சேஎன்ஐ வழக்கில் குறு முழுவெண்ணையும், ஆர்சாவா வழக்கில் எழுத்துச்சரத்தையும் குறிக்கும். ஓரெழுத்து மாறினும், 'அத்தகைய செயன்முறை இல்லை' என்று பொறி மறுத்துவிடும். ஆரில் 3 என வாளா எழுதினால் அது இரட்டைத் துல்லிய எண்; சாவாச் செயன்முறை முழுவெண் கேட்குமாயின் அழைப்புப் பொருந்தாது.

இங்ஙனம் கையால் எழுதின் நேர்வது யாது? நூறு வகுப்புகள் உடைய ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்கு இருபது செயன்முறைகள் எனக் கொள்வோம். ஈராயிரம் பிணைகள்! எழுதுவோன் நூறு பிணை எழுதியதும் சலிப்பான். இருநூறில் முந்தையதைப் படியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவான். முந்நூறில் மாற்ற மறப்பான். நூலகத்தின் அடுத்த பதிப்பு வந்தால் இத்தனையையும் மீண்டும் துருவ வேண்டும்.

ஆக்கி செய்யும் பணி

இதற்கு மாற்று யாதெனின், பிணைநிரலை எழுதும் நிரலை எழுதுவதே. அதனை 'ஆக்கி' என்போம்.

சாவா வகுப்புக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. 'உன்னிடத்துள்ள பொதுச் செயன்முறைகள் யாவை? ஒவ்வொன்றும் எவ்வெவ் வகை உள்ளீடுகளைக் கேட்கும்? எவ்வகை விடையைத் தரும்?' என வினவின், அது தன்னைத்தானே எடுத்துரைக்கும். ஆக்கி அவ்வாக்குமூலத்தைப் பெற்று, செயன்முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர் செயற்கூற்றை எழுதும். உள்ளீடுகளை உரிய வகைக்கு மாற்றும் வரி. செவ்விய வகைக்குறியோடு அழைக்கும் வரி. சாவாவில் எழுந்த பிழையை ஆரின் பிழையறிவிப்பாக மாற்றும் வரி. விடையை ஆரின் வடிவுக்குக் கொணரும் வரி ஆகியவை அதன்கண் அமையும். ஈராயிரம் பிணையாயினும் ஆக்கிக்குச் சலிப்பில்லை. நூலகம் மாறின், ஆக்கியை மீண்டும் ஓட்டினாற் போதும்.

'ஒவ்வொரு முறையும் ஓட்டத்திலேயே வகுப்பை வினவி அழைத்தால் என்ன?' என வினவலாம். ஆர்சாவாவில் அதற்கும் வழியுண்டு; அளவாடிப் பார்ப்பதற்கு அது மிக நன்று. ஆனால் ஒவ்வோர் அழைப்பிலும் தேடலாகிய சுமை ஏறும். பன்னூறாயிரம் முறை சுழலும் கணக்கில் அச்சுமை தாங்காது. ஒருமுறை வினவி எழுதிவைப்பதே அத்தகைய இடத்துக்கு ஏற்றது.

ஆக்கி இருவகை இடர்களைச் சந்திக்கும். முதலாவது பெயர். சாவாவில் அடுத்த உறுப்பைத் தரும் செயன்முறைக்கு நெக்சுட்டு என்று பெயர். எழுத்துச்சரத்தை மடக்கி எழுதுவதற்கு, 2018-இல் வந்த சாவா 11 முதலாக, இரிப்பீட்டு என்று பெயர். இவ்விரு சொல்லும் ஆரில் மொழிக்கே உரிய ஒதுக்கச் சொற்கள். செயற்கூற்றுப் பெயராக வாளா நிற்க இயலாதன. எனவே பெயர் மாற்றும் விதி ஒன்று ஆக்கிக்கு வேண்டும். மேலும், உள்ளீடுகளின் பெயர்களைச் சாவா வகுப்புக் கோப்பு இயல்பாகக் காத்து வைப்பதில்லை. தொகுக்கும்போதே அதற்கெனக் கட்டளை தந்திருந்தாலன்றி, முதலாவது, இரண்டாவது என்னும் வெற்றுக் குறிகளே கிட்டும். பொருளுள்ள பெயரை நாமே இட்டுத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, ஒரு பெயர் பல வடிவு. குறிநீக்கிய மதிப்பைத் தரும் சாவாச் செயன்முறை ஒரே பெயரில் நான்கு வடிவுகளில் உளது. முழுவெண், நெடிய முழுவெண், ஒற்றைத் துல்லியம், இரட்டைத் துல்லியம் என. ஆரிலிருந்து வரும் மதிப்பை எவ்வடிவுக்கு அனுப்புவது என ஆக்கி தானே முடிவு கட்ட இயலாது. முடிவு நம்முடையது, அதனைத் தவறாது நிறைவேற்றுவதே அதன் கடன்.

நியூசிலாந்தில் பிறந்த இரண்டு

இதற்குச் செவ்விய எடுத்துக்காட்டு ஒன்றனைக் காட்டுவேன். ஆர் பிறந்த அதே நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே ஆமில்டன் நகரிலுள்ள வைக்காட்டோப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கப்பெற்றது வெக்கா எனும் பொறிவழிக் கற்றல் மென்பொருள். அந்நாட்டின் பறக்கவியலாத பறவையொன்றின் பெயர் அது. 1997-இல் அதனைச் சாவாவில் முற்றும் புதிதாக எழுத முடிவு செய்தனர். ஆக, ஒரு தீவில் அருகருகே பிறந்த இரண்டும் இருவேறு மொழியின. அவ்விரண்டையும் இணைத்தோர் கூர்ட்டு ஓர்னிக்கு, கிறித்தியன் பூக்டா, ஆக்கிம் சைலைசு எனும் மூவர். ஓர்னிக்கு ஆத்திரியாவின் வியன்னாப் பொருளியல் பல்கலைக்கழகத்தவர். அவர்கள் ஆக்கிய தொகுப்பு ஆர்வெக்கா; அதுபற்றிய அவர்தம் கட்டுரை 2009-இல் வெளிவந்தது.

வெக்காவில் வகைப்படுத்தும் முறைகள் பலவுள. அவற்றுள் ஒவ்வொன்றையும் கையால் பிணைக்க அவர்கள் முற்படவில்லை. தரவைப் பெற்றுப் பயில்தல், புதியதை வகைப்படுத்தல் என அம்முறைகள் அனைத்தும் ஒரே பொது வடிவில் அமைந்திருத்தலைக் கண்டு, வகுப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அதற்குரிய ஆர் செயற்கூற்றைப் படைத்துத் தரும் ஆக்கிச் செயற்கூறொன்றை எழுதினர். அதனால் தொகுப்பில் இல்லாத ஒரு முறையையும் பயன்கொள்வோன் தானே ஒரு வரியில் இணைத்துக்கொள்ள இயலும்.

அதன்வழிச் சே-48 எனும் முடிவுமர முறையை, 150 ஐரிசு மலர்களின் அளவுகள் கொண்ட பெயர்பெற்ற தரவின்மீது ஏவிப் பார்க்கலாம். இதழகலம் 0.6-க்கு மேற்படாத மலர் 50-உம் செட்டோசா என முதற்கிளையிலேயே பிரிந்து நிற்கும். 5 இலைகளோடு மரம் முடியும். ஆர் அறிந்தவன் ஆரிலேயே நின்றான். வெக்கா சாவாவிலேயே நின்றது. எவரும் தம் இயல்பை இழந்திலர். நல்ல பாலத்தின் இலக்கணம் இதுவே.

எல்லையில் நிகழும் ஓசையற்ற தவறுகள்

இனி என் உரையின் தலையாய பகுதிக்கு வருகின்றேன். பொறி மறுத்துக் கூச்சலிடும் பிழை நமக்கு நண்பன், உடனே திருத்திக்கொள்ளலாம். எல்லையைக் கடக்கும்போது மதிப்பு ஓசையின்றி மாறிவிடும் தவறே பகை. அத்தகையன ஐந்தனை எண்ணிக் காட்டுவேன்.

ஒன்று: கிடைக்காத மதிப்பு. ஆர் தன் முழுவெண் வரிசையில் 'கிடைக்கவில்லை' என்பதனை −2147483648 எனும் எண்ணாகவே உள்ளே வைத்துள்ளது. அது குறியென்று ஆர் அறியும், சாவா அறியாது. நால்வர் அகவையை எடுத்துக்கொள்வோம்: 20, 30, 40, நான்காமவர் சொல்லவில்லை. கிடைத்த மூன்றன் நிரவல் 30. அவ்வரிசையை அப்படியே சாவாவுக்கு அனுப்பி நான்கால் வகுத்தால், −536870889.5 எனும் விடை வரும். இவ்வளவு பெரிய பிழையாயின் கண்ணில் படும். பல்லாயிரம் எண்களை உண்டு, 'ஆம்', 'அன்று' என ஒருசொல் விடை மட்டும் தரும் முறையாயின், யார் கண்ணில் படும்?

இரண்டு: 1-உம் 0-உம். ஆரில் வகைப்பெயர்களின் எண் 1-இல் தொடங்கும். வெக்காவில் 0-இல் தொடங்கும். ஒன்றைக் கழிக்க மறந்தால் முதல்வகை இரண்டாவதாகும், இரண்டாவது மூன்றாவதாகும், மூன்றாவது பட்டியலுக்கு வெளியே விழும். நோயாளி, நோயற்றவர் எனும் தரவில் இது நேர்ந்தால் விளைவு யாதென்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்று: நெடிய எண். சாவாவின் நெடிய முழுவெண் 64 இருமிகள் கொண்டது. ஆரின் அடிப்படை வகைகளில் அதற்கு நிகரில்லை. ஆர்சாவா அதனை இரட்டைத் துல்லிய எண்ணாக மாற்றித் தரும். அவ்வகையோ 9007199254740992 வரையிலான முழுவெண்களையே ஒன்றுவிடாமல் தாங்கும். 9007199254740993 என அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகித் திரும்பும். கூட்டல் கணக்கில் இது பொருட்டன்று. ஒருவர்க்குரிய அடையாள எண்ணாயின், அவர் பதிவு இன்னொருவர் பதிவாகிவிடும். அத்தகைய எண்ணை எழுத்துச்சரமாகவே கடத்துதல் வேண்டும்.

நான்கு: ஒற்றை வரிசை. வரிசை கேட்கும் சாவாச் செயன்முறைக்கு ஆரிலிருந்து பத்து எண்ணை அனுப்பினால் வரிசையாகப் போகும். ஓர் எண்ணை அனுப்பினால் ஒற்றை எண்ணாகப் போகும். பத்து நோயாளியர்க்கு ஓடிய நிரல், ஒருவரே வந்த நாளில் நின்றுவிடும். 'இது வரிசையே' என்று ஆக்கி ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் குறித்து அனுப்புமாறு விதி செய்தல் வேண்டும்.

ஐந்து: எழுத்து. இது நம்மை நேரடியாகத் தொடுவது. 'தமிழ்' எனும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறியில் அது ஐந்து குறியிடங்கள். யுடிஎப்-8 முறையில் 15 பைட்டுகள். சாவாவின் உள்ளே வழங்கும் யுடிஎப்-16 முறையில் 10 பைட்டுகள். 'நீளம் எவ்வளவு?' என எல்லையின் இருபுறமும் வினவின், எதை எண்ணுகிறோம் என்பதற்கேற்ப விடை மாறும். இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. முந்திரி, காணி, மா முதலிய நம் பழங்கணக்குப் பின்னக் குறிகள் 2019-இல் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் இடம்பெற்றன. அவை அடிப்படைத் தளத்துக்கு அப்பாற்பட்ட தளத்தில் உள்ளன. அக்குறி ஒவ்வொன்றும் இயல்பான யுடிஎப்-8 முறையில் 4 பைட்டுகள். சேஎன்ஐ வழங்கும் திருத்திய யுடிஎப்-8 முறையிலோ 6 பைட்டுகள். இவ்வேறுபாட்டை அறியாது எழுதிய பிணைநிரல், ஆங்கில எழுத்துகளைப் பிழையின்றிக் கடத்தும்; 'தமிழ்' என்பதனையும் கடத்தும்; முந்திரிக் குறியைச் சிதைக்கும். ஆங்கிலத்தை மட்டும் இட்டுத் தேர்ந்தவன் தன் நிரல் நிறைவானது என்றே சான்று பகர்வான். நம் ஊர்ப் பழங்கணக்குச் சுவடியைத் தரவாக்க முற்படும் ஆய்வாளனே அதன் கேட்டைச் சுமப்பான். நம் எழுத்தை இட்டுத் தேர்ந்து பார்ப்பதற்கு நாம் இருக்க, அயலாரை நோவதில் பொருளில்லை.

இவற்றோடு, நினைவகம் பற்றியும் ஒரு சொல். இரு மொழியும் பயனற்ற பொருள்களைத் தாமே களைவன. ஆனால் சாவாவில் உள்ள பெருமலை, ஆரின் கண்ணுக்கு ஒரு சிறு கைப்பிடியாகவே தோன்றும். கைப்பிடி சிறிதாகலின் அதனைக் களைய ஆர் விரைவதில்லை. அதற்குள் சாவாவின் இடம் நிரம்பிவிடும். எனவே பணி முடிந்த பெரும்பொருளை விடுவித்துக் களையச் செய்வதும், சாவாப் பொறி தொடங்குமுன்னரே அதன் நினைவக எல்லையை வரையறுப்பதும் நம் கடன். தொடங்கிய பின் அவ்வெல்லையை மாற்ற இயலாது.

நெறி ஓரிடத்தில் இருக்கட்டும்

தோழர்களே, இப்போது ஒன்று விளங்கியிருக்கும். வகைக்குறி, பெயர், அழைப்பு ஆகியவற்றை வகுப்பே சொல்லிவிடும், ஆக்கி எழுதிவிடும். ஆனால் கிடைக்காத மதிப்பை என் செய்வது, நெடிய எண்ணை எவ்வாறு கடத்துவது, எண்ணிக்கை எங்குத் தொடங்குவது என்பனவற்றை எந்த வகுப்பும் சொல்லாது. அவை பொருளறிந்த மாந்தன் வகுக்க வேண்டிய எல்லை நெறிகள். அவற்றை ஈராயிரம் பிணைகளிலும் சிதறவிடாது, ஆக்கியினுள் ஓரிடத்தில் எழுதுங்கள். நெறி செவ்விதாயின் ஈராயிரமும் செவ்விதாகும். நெறி தவறாயின் ஈராயிரமும் தவறும் என்பதையும் மறவாதீர்கள். கையால் எழுதுவோன் பிழை ஓரிடத்தில் நிற்கும். ஆக்கியின் பிழை எல்லா இடத்தும் பரவும்.

ஆதலின், போய்மீளும் தேர்வு ஒன்றை ஆக்கியோடு சேர்த்தே எழுதுங்கள். ஒரு மதிப்பை ஆரிலிருந்து சாவாவுக்கு அனுப்பி, அதனையே திரும்பப் பெற்று, அனுப்பியதும் வந்ததும் ஒன்றா எனப் பார்ப்பதே அது. 0, 1, −1 ஆகியவற்றை அனுப்புங்கள். கிடைக்காத மதிப்பை அனுப்புங்கள். உறுப்பில்லா வரிசையையும், ஓர் உறுப்பு வரிசையையும், ஈருறுப்பு வரிசையையும் அனுப்புங்கள். வெற்றுச் சரத்தை, 'தமிழ்' எனும் சொல்லை, முந்திரிக் குறியை அனுப்புங்கள். நெடிய எண்ணைச் சாவாவிலிருந்து கொணர்ந்து, கடைசி இலக்கம் நிலைத்ததா எனக் காணுங்கள். வேண்டுமென்றே சாவாவில் ஒரு பிழையை எழுப்பி, அது ஆரில் தெளிவான சொற்களோடு வந்து சேர்கிறதா எனவும் பாருங்கள். இத்தேர்வுக்கு ஒரு நாள் போதும். அதனைச் செய்யாதார்க்கு, விளைந்த தவற்றைத் தேடுவதிலேயே திங்கள் பல கழியும்.

இருவரிடை நின்று பேசும் மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் திரித்தால், இருவரும் உண்மையே பேசியும் பொய்யே விளையும். பிணைநிரலின் நிலையும் அத்தகையதே. சலிப்பூட்டும் பகுதியைப் பொறிக்குக் கொடுங்கள். பொறுப்புள்ள பகுதியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.